ஆட்டுக்கு யார் காசு?

பைக்கில் போகும்போது காதில் கட்டடம் கேட்கிறவன் நான். பாட்டு கேட்கிற வயது போய்விட்டது, செய்தி கேட்டால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. திண்டிவனத்தில் ஒரு வேலை, மயிலம் பக்கம் ஒரு வேலை, கிளியனூர் தாண்டி ஒரு வேலை என்று ஓமந்தூரிலிருந்து ஓடுகிற சின்ன காண்ட்ராக்டருக்கு வண்டிதான் ஆபீஸ். ஒரு காதில் மட்டும் இயர்போன், இன்னொரு காது லாரி ஹாரனுக்கு.

தமிழில் கட்டுமானம் பற்றிப் பேசுகிற ஆடியோக்களும் வீடியோக்களும் இப்போது ஏராளம். பெரும்பாலும் வீடு கட்டப் போகிற குடும்பஸ்தனுக்காகப் பேசுகிறார்கள். எம் சாண்டில் தூசி எவ்வளவு இருக்கலாம், சிமென்ட் மூட்டையில் தேதி எங்கே பார்ப்பது, தளம் போட்ட பிறகு எத்தனை நாள் தண்ணீர் கட்டுவது. இடையில் வாஸ்துவுக்கும் நேரம் ஒதுக்குவார்கள். இந்த வாரம் ஈசானிய மூலையில் போர் போடச் சொல்கிற அதே குரல் அடுத்த வாரம் மண் பரிசோதனை செய்யச் சொல்லும். எனக்கு இரண்டோடும் சண்டை இல்லை. கடைக்காலில் நவதானியம் போட்டு, பால் ஊற்றி, கற்பூரம் காட்டாமல் நானும் ஒரு வேலையும் ஆரம்பித்ததில்லை.

ஆங்கிலத்தில் வருவதை முக்கால் வேகத்தில் வைத்துக் கேட்பேன். அந்த வேகத்தில் அமெரிக்கர்கள் எல்லாரும் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி பேசுவார்கள், எனக்குப் புரியும். அப்படிக் கேட்ட ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. ‘99% இன்விசிபிள்’ என்ற பாட்காஸ்ட், ரோமன் மார்ஸ் என்பவர் 2010 முதல் நடத்துவது. அதில் 2014-ல் வந்த ஒரு பகுதி நியூயார்க்கின் சிட்டிகார்ப் கட்டடத்தைப் பற்றியது.

59 மாடி. 1977-ல் கட்டி முடித்தது. கட்டடத்தைத் தாங்கும் பெரிய தூண்கள் நாலு மூலையிலும் இல்லை, நாலு பக்கத்தின் நடுவில் நிற்கின்றன. காரணம் ஒரு கோயில். மனையின் ஒரு மூலையில் செயின்ட் பீட்டர்ஸ் லூத்தரன் தேவாலயம் இருந்தது. எங்கள் இடத்துக்கு மேலே கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதே மூலையில் எங்களுக்குப் புதுக் கோயில் தனியாக நிற்க வேண்டும் என்று சபையார் சொன்னார்கள். சாமிக்கு மூலையை விட்டுக்கொடுத்துவிட்டு 59 மாடி நடுத்தூண்களில் ஏறி நின்றது. வில்லியம் லெமெசூரியர் என்ற என்ஜினியரின் கணக்கு அது.

1978-ல் ஒரு கல்லூரி மாணவியின் கேள்வி அவர் அலுவலகத்துக்கு வருகிறது. டயான் ஹார்ட்லி என்று பாட்காஸ்ட் பெயர் சொல்கிறது. காற்று நேராக அடித்தால் சரி, மூலைவாக்கில் அடித்தால்? லெமெசூரியர் திரும்பக் கணக்குப் போடுகிறார். அதற்குள் இன்னொன்றும் தெரியவருகிறது: தான் வெல்டிங் என்று போட்ட இணைப்புகளைச் செலவைக் குறைக்க போல்ட்டாக மாற்றியிருக்கிறார்கள். மின்சாரம் போய், ஆட்டத்தைத் தணிக்கும் கருவி நின்றுவிட்டால், சராசரியாகப் பதினாறு ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய புயலே அதைச் சாய்த்துவிடும் என்று கணக்கு சொன்னது. பேசாமல் இருந்துவிடலாமா, செத்துவிடலாமா என்றெல்லாம் யோசித்ததாக அந்த மனிதர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். கடைசியில் போய்ச் சொன்னார். ராத்திரி ராத்திரியாக வெல்டர்கள் இரண்டு அங்குல இரும்புத் தகட்டை இணைப்புகள் மேல் ஒட்ட வைத்தார்கள். பகலில் வேலைக்கு வந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. வேலை பாதியில் இருக்கும்போது எல்லா என்ற சூறாவளி நியூயார்க்கைப் பார்த்து வந்து, கடல் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது. 1995-ல் ஒரு பத்திரிகை எழுதும் வரை ஊருக்கு இது தெரியவே தெரியாது.

புயல் திரும்பியது யார் செயல்? இந்தக் கேள்வியோடுதான் அன்றைக்கு வண்டியை நிறுத்தினேன். கேட்டவர்கள் பெரும்பாலும் லெமெசூரியர் நல்லவரா, ஊரிடம் மறைத்தவரா என்று வாதிடுவார்கள். எனக்கு மனதில் அந்தப் புயல்தான் நின்றது. எங்களுக்கு வந்தது திரும்பவில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியது. மறுநாள் காலை வரை மயிலத்தில் பெய்தது 51 சென்டிமீட்டர். ஒரே நாளில் அவ்வளவு மழையை எங்கள் பக்கத்துப் பெரியவர்களும் பார்த்ததில்லை. தண்ணீர் வடிந்ததும் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். சுவர் வந்து பார்க்கணும், தொட்டி வந்து பார்க்கணும்.

அதில் ஒரு சுவரைச் சொல்லியாக வேண்டும். நான் கட்டியதில்லை, வேறொரு மேஸ்திரி கட்டியது. தெருவை விட மூன்றடி உயரம் மண்ணடித்துத் தூக்கிய மனை. அடித்த மண் ஏரி வண்டல், களி. அந்த மூன்றடி மண்ணைத் தாங்கி நின்றது ஒரு நாலரை இஞ்ச் காம்பவுண்ட் சுவர். தண்ணீர் வடிய ஒரு துளை கிடையாது. காய்ந்த மண் சுவரைத் தள்ளுகிற தள்ளு ஒன்று. அதே மண்ணில் தண்ணீர் முட்ட நின்றால் தள்ளு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும், மண்ணோடு தண்ணீரும் சேர்ந்து தள்ளும். விழுந்து கிடந்த செங்கல்லை எடுத்துப் பார்த்தேன். ஆறு பக்கமும் சுத்தமாக இருந்தது, சூளையிலிருந்து அன்றுதான் இறக்கியது என்று சொல்லலாம். கலவை அப்படியே தனிப் பாளமாகக் கழன்று கிடந்தது. கல்லை ஊற வைக்காமல் கட்டினால் கலவையில் இருக்கிற தண்ணீரைக் கல் குடித்துவிடும், பிடிப்பு வராது. இதைச் சித்தாளுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சுவர் விழுந்தது பக்கத்து காலி மனையில். அங்கே கட்டியிருந்த ஓர் ஆட்டின் மேல். சினை ஆடு.

ஆட்டுக்காரக் கிழவி அங்கேயே உட்கார்ந்திருந்தார். “என்னா ஆயா, ஆச்சு?” என்றேன். “எஞ்சாமி எடுத்துக்கிச்சுப்பா. அது குடுத்தது, அதுவே எடுத்துக்கிச்சு” என்றார். வீட்டுக்கார அக்கா, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து வருஷக்கணக்கில் ஆகிறது, சாமி குத்தம்தான் என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த மேஸ்திரியும் வந்தார். ஆட்டுக்கு யார் காசு கொடுப்பது என்று பேச்சு வந்ததும் சொன்னார்: “மழை கடவுள் செயல். நம்ம கையில இன்னா இருக்கு?”

மூன்று பேரும் சொன்னது ஏறக்குறைய ஒரே வாக்கியம். எனக்கு மூன்றும் ஒன்றாகக் கேட்கவில்லை. அதற்கப்புறம் வந்த வாரங்களில் இதையேதான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிழவிக்கு அந்த வாக்கியம் ஊன்றுகோல். ஆடு போனது போனதுதான், அழுது முடித்து எழுந்திருக்க அவருக்கு ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் சாமி பேரைச் சொன்னதால் யாருக்கும் எதுவும் குறையவில்லை. மேஸ்திரி சொன்னபோது ஒரு சினை ஆட்டின் விலை குறைந்தது. இழந்தவர் வாயில் அது வேண்டுதல், கணக்குச் சொல்ல வேண்டியவர் வாயில் அது திருட்டு. கடவுள் உண்டா, இல்லையா என்பதற்கு முன்னால், அவர் செயல் என்று சொல்கிற உரிமை யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நாத்திகர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, அவர்களுக்குத் தேவையில்லை. சாமி கும்பிடுகிறவன்தான் கேட்க வேண்டும். அவன் சாமியின் பேர் கெடுகிறது.

2014 ஜூன் 28-ந் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. 61 பேர் செத்தார்கள், ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் அதில் நிறையப் பேர். இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் முதலில் சொன்னதாகச் செய்தி வந்தது. அதன் ஜோடிக் கட்டடத்தில் இடி விழவில்லை. ஆனாலும் 2016 நவம்பர் 2-ந் தேதி அதை வெடி வைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. சிட்டிகார்ப் பகுதி வெளிவந்த அதே வருஷம்தான் மவுலிவாக்கமும். ஒருவர் புயல் வருவதற்கு முன்னால் தன் தப்பைச் சொல்லிவிட்டார். இங்கே விழுந்த பிறகும் மேகத்தைக் காட்டினார்கள்.

எல்லாம் இப்படி எளிதாகப் பிரியாது என்பதும் தெரியும். ஃபெஞ்சல் மழையிலேயே தென்பெண்ணையில் அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர் பாலம் அடித்துக்கொண்டு போனது. 16 கோடி ரூபாய்ப் பாலம், செப்டம்பரில் திறந்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள்; பாலத்துக்குக் கணக்கில் எடுத்த வெள்ளம் அதில் பாதிகூட இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. இதில் எவ்வளவு ஆற்றின் பங்கு, எவ்வளவு கணக்குப் போட்டவரின் பங்கு? எந்த வெள்ளத்துக்குக் கட்டுவது என்று முடிவெடுப்பது மனிதன்தான். ஆனால் எந்த மனிதனும் எல்லா வெள்ளத்துக்கும் கட்ட முடியாது, கட்டினால் பாலத்துக்குப் பதில் மலைதான் கட்ட வேண்டும். 51 சென்டிமீட்டரில் ஒரு பகுதியை நான் கடவுளுக்கு விட்டுக்கொடுக்கத் தயார். நாலரை இஞ்ச் சுவருக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது சாதாரணக் கார்த்திகை மழைக்கே விழுந்திருக்கும்.

மலை என்றதும் திருவண்ணாமலைதான் வருகிறது. டிசம்பர் 1-ந் தேதி சாயங்காலம் அண்ணாமலையின் சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டை மூடின. உள்ளே இருந்த ஏழு பேரும் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். மற்ற ஊர்களில் மண் சரிந்தால் மண் சரிந்தது என்று சொல்லிவிடலாம். இங்கே மலையே சிவன். மலை மேல் கோயில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மலைதான் லிங்கம் என்று சொல்லித்தான் பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் சுற்றுகிறோம், நானும் சுற்றியிருக்கிறேன். ரமணர் அந்தச் சரிவின் குகைகளிலும் கந்தாசிரமத்திலும் 1922 வரை இருந்தார், அந்த மலையைத் தன் குருவாகச் சொன்னார். அப்படியானால் ஏழு பேர் மேல் விழுந்தது எது?

சைவம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஐந்தொழிலில் அழித்தலும் அவனுடையது, களைத்த உயிருக்கு அது இளைப்பாறுதல் என்பார்கள். மடத்தில் உட்கார்ந்து கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து குழந்தைகளை எடுத்த இடத்தில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதே டிசம்பர் 13-ந் தேதி அந்த மலை உச்சியில் தீபம் ஏற்றினார்கள். மலை இளகியிருக்கிறது என்று அந்த வருஷம் பக்தர்களை மேலே ஏற விடவில்லை. அந்த முடிவு எனக்குப் பிடித்தது. மலையைச் சிவன் என்று கும்பிட்டுக்கொண்டே, மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்றும் ஆள் வைத்துப் பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் சன்மார்க்கப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வடலூர் தைப்பூச ஜோதிக்குத் தவறாமல் போகிறவர். அவரிடம் இதைக் கேட்டேன்.

“அய்யா, எல்லாம் அவன் செயல்னா, சுவரு விழுந்ததுக்கு மேஸ்திரிய ஏன் புடிக்கிறோம்?”

சிரித்தார். “தம்பி, இதே கேள்விய வள்ளலார் கிட்டயே கேட்டுட்டாங்க. பட்டினி கெடக்கிறவன் அவன் வெனையால கெடக்கிறான், கடவுள் விதிச்சது. அதுல நாம சோறு போட்டா கடவுள் ஆக்கினைக்கு எதிர்தானன்னு. அவரு இன்னா சொன்னாரு? ராசா ஒருத்தன குத்தத்துக்காக விலங்கு மாட்டி ஜெயில்ல வெக்கிறான். வெச்சவனேதான் சேவகன் கையில சோத்தையும் குடுத்து அனுப்புறான். சேவகன், இவன் குத்தவாளி, நான் குடுக்க மாட்டேன்னு சொன்னா அவன் ராசாவுக்கு நல்லவனா?”

ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் இருக்கிற வாதம் இது. 1867 மே 23-ந் தேதி வடலூரில் தருமச்சாலை அடுப்பைப் பற்ற வைத்தவர் வெறும் வாதத்துக்காக இதைச் சொல்லவில்லை. விதி உண்டு என்பதை அவர் மறுக்காமலேயே, விதியைக் காட்டிக் கையைக் கட்டிக்கொள்கிறவனை நகர விடாமல் நிறுத்துகிறார். இதைச் சுவருக்குக் கொண்டுவந்தால் கணக்கு நேராகிறது. ஈரமண் எவ்வளவு தள்ளும் என்பது ராசாவின் சட்டம். அதை அவன் யாருக்காகவும் மாற்றியதில்லை, பூஜை போட்டவனுக்கும் மாற்றவில்லை. துளை வைப்பது சேவகன் வேலை.

நான் இப்படிச் சொன்னதும் பெரியவர் தலையை ஆட்டினார், ஆனால் விடவில்லை. “சரி. மழை நல்லா பேஞ்சு ஏரி நெறஞ்சா மட்டும் சாமி புண்ணியம்னு சொல்ற. சுவரு விழுந்தா மேஸ்திரி. நல்லதுக்கு ஒரு கணக்கு, கெட்டதுக்கு ஒரு கணக்கா?”

இதற்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் சொல்வேன். நன்றி சொன்னால் யாருடைய பங்கும் குறைவதில்லை. ‘எல்லா’ புயல் திரும்பியதற்கு லெமெசூரியர் ஆண்டவனுக்கு நன்றி சொல்லியிருந்தால் தப்பே இல்லை, ஏனென்றால் அதற்குப் பிறகும் வெல்டர்கள் ராத்திரி வேலைக்கு வந்தார்கள். நன்றி சொல்லிவிட்டு வேலையை நிறுத்தியிருந்தால் அது வேறு. பழியைக் கடவுளிடம் கொடுக்கும்போது மட்டும் யாரோ ஒருவர் கை கழுவிக்கொண்டு போகிறார். இரண்டு கணக்கும் ஒன்றில்லை என்பது என் கட்சி. பெரியவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கட்சிக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. ஓ.பி. ராமசாமி ரெட்டியார், 1895-ல் இங்கே பிறந்தவர். 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர், அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொன்னார்கள். ரமணரின் பக்தர், பிற்பாடு வடலூரில் வள்ளலார் வழியில் வாழ்ந்தவர். அவர் ஆட்சியில் 1947-ல்தான் பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டமும், எல்லாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற மாகாணச் சட்டமும் வந்தன. பொட்டுக் கட்டுவது தெய்வத்தின் பேரால் நடந்தது. வாசலில் நிறுத்தியதும் தெய்வத்தின் பேரால்தான். பக்தியில் ஊறிய ஒருவர்தான், இது தெய்வத்தின் செயல் இல்லை, நம்முடையது என்று சட்டம் கொண்டுவந்தார். பக்தி இல்லாதவர் செய்திருந்தால் பகையில் செய்தார் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

அவர் பேர் சென்னையில் ஓமந்தூரார் தோட்டமாக நிற்கிறது. அங்கே 2010 மார்ச்சில் சட்டமன்றம், தலைமைச் செயலகம் என்று திறந்த கட்டடம் 2014-ல் ஆஸ்பத்திரி ஆனது. கட்டடத்துக்கும் தலையெழுத்து உண்டு என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள். தலையெழுத்தெல்லாம் இல்லை, அரசாணை. ஆனால் ஆஸ்பத்திரி ஆனதில் எனக்குக் குறையில்லை, ஊர்க்காரர்கள் பலர் அங்கே போய்ப் பிழைத்து வந்திருக்கிறார்கள்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டுக்கு மேஸ்திரி பாதி, வீட்டுக்கார அக்கா பாதி என்று பேசி முடித்தோம். மண்ணடிக்கச் சொன்னது அக்கா, நாலரை இஞ்ச் போதும் என்று செலவைக் குறைத்ததும் அவர்தான், போதாது என்று சொல்லாமல் கட்டியது மேஸ்திரி. குட்டிக்கும் சேர்த்துக் கேட்டார் கிழவி. அதில் நான் அவர் பக்கம்தான், ஆனால் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

புதுச் சுவரை நான் எடுத்தேன். அடியில் அகலமாகக் கருங்கல், மேலே வர வரக் குறுகல், மூன்றடிக்கு ஒரு துளை, துளைக்குப் பின்னால் ஜல்லி. பிவிசி பைப்பை வெட்டித் துளைக்கு வைத்துக்கொண்டிருக்கும்போது அக்கா வந்தார். பொங்கல் வைக்கலாமா, வேண்டாமா என்று கேட்டார். தாராளமாக வையுங்கள், ஆனால் துளையை யாரும் அடைக்கக் கூடாது என்றேன். பொங்கல் வைத்தார்கள், மேஸ்திரியும் வந்திருந்தார், எல்லாரும் சாப்பிட்டோம்.

பிரச்சினை அடுத்த மழைக்கு வந்தது. துளை வேலை செய்தது. வடிந்த தண்ணீர் காலி மனையில் நின்றது, மனைக்காரர் சென்னையிலிருந்து போன் போட்டுச் சத்தம் போட்டார். தெருக் கால்வாய் வரை ஒரு வடிகால் எடுக்க வேண்டும், இருபது மீட்டர் இருக்கும். செலவு அக்காவா, மனைக்காரரா, பஞ்சாயத்தா என்று இன்னும் முடிவாகவில்லை. இதுவரை கடவுளை யாரும் இழுக்கவில்லை.